நூறு லிட்டர் தண்ணீரின் எடை

கோப்பாரோ,
4 பிப்ரவரி 2008

மதிப்புக்குரிய லேயார்கோ அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். ஒன்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். எல்லோரும் இருக்கிறார்கள்.

காரியம் இதுதான். சர்க்கரை ஆலையை மூடி இரண்டு வருடமாகிறது. எனக்கு அறுபத்தொன்று. முப்பத்தொரு வருடம் ஆலை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பீட் கிழங்கு ஏற்றி வந்த ஒவ்வொரு லாரியையும் எடைமேடையில் நிறுத்தி, சீட்டு எழுதி அனுப்பினேன். எல்லா வண்டியும் எங்கெங்கோ போயிற்று. நான் மட்டும் எங்கும் போகவில்லை. இப்போது போகப் போகிறேன். போர்த்துகலுக்குப் போய், இதற்கு மேல் நிலமே கிடையாது என்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, காபி போட்டுக் குடிக்க வேண்டும். தனியாகத்தான். லைசென்ஸ் எடுத்து நான்கு வருடமாகிறது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. முதல் தடவையே பாஸ்.

அதற்கு ஒரு கேம்பர் பார்த்து வைத்திருக்கிறேன். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. 1992 மாடல், இரண்டரை லிட்டர் டர்போ டீசல், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. விற்பவர் ஸானியர் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வண்டி நிற்பது நீங்கள் இருக்கும் சிவிதாலேயில். 'என்ஜின் புதுசு மாதிரி, லிட்டருக்குப் பன்னிரண்டு கிடைக்கும், அறுநூறு கிலோவுக்கு மேல் தாங்கும்' என்று விளம்பரம் கொடுத்திருக்கிறார். பதினாறு வயது வண்டியைப் பற்றி இப்படி எழுதுகிறவர், பல்லைப் பிடுங்கும்போதும் வலிக்காது என்றுதான் சொல்லியிருப்பார்.

டீசல் என்ஜினைக் காதால் படிக்கத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். உங்களைப் பற்றி நான் இன்னும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயமும் அதுதான். மூன்று கேள்வி. என்ஜின் எப்படி. டீசல் எவ்வளவு குடிக்கும். எவ்வளவு எடை தாங்கும். இந்த மூன்றுக்கு மட்டும் பதில் போதும். கண்ணால் பார்த்த எண்ணை எழுதுங்கள். இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்கிற எண்ணை எழுத வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தொலைபேசி வேண்டாம். கடைசியாகப் பேசியபோது இருவரும் ஒரே சமயத்தில் போனை அறைந்து வைத்தோம். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

இப்படிக்கு,
நிவெஸ் பெனாஸ்ஸி


சிவிதாலே,
11 பிப்ரவரி 2008

அன்புள்ள நிவெஸ்,

'மதிப்புக்குரிய' என்று பார்த்ததும் வருமான வரி ஆபீஸ் கடிதமோ என்று மேசையிலேயே இரண்டு நாள் போட்டு வைத்தேன். பதினெட்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவனை 'நீங்கள்' என்கிறாய். இருக்கட்டும். நான் பழையபடியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்.

லைசென்ஸ் எடுத்துவிட்டாயா? அன்றைக்கு ஆற்றங்கரைச் சாலையில் நான் சொல்லிக் கொடுத்தபோது கியரைப் பார்த்து அழுதாயே. சரி, நான் போட்ட சத்தத்தில்தான் அழுதாய். அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை போனேன். கையில் என் கருவிப் பெட்டி. இருபத்திரண்டு கிலோ, அறுபத்தாறு வயதிலும் ஒரே கையால் தூக்குகிறேன். பல் டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார், வெள்ளை மீசை, நல்ல செருப்பு. நான் வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் கையை வைத்தேன். சுட்டது.

"டாக்டர், வண்டி காலையில எங்க போயிட்டு வந்துச்சு?"

"எங்கயும் போகலியே. சும்மா கொஞ்ச நேரம் ஓட விட்டேன், குளிர்ல அதுக்கு நல்லதுன்னு."

"அதுக்கு நல்லதுதான். எனக்குத்தான் நல்லதில்ல. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வரேன். அதுவரைக்கும் சாவிய ஜோபுலயே வெச்சிருங்க."

சூடான டீசல் என்ஜின் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, எல்லோருக்கும் நல்லவனாகத்தான் தெரியும். அதைக் குளிரில், காலையில், ஒன்றும் சாப்பிடாமல் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மைனஸ் மூன்று. ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்து சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. முதல் நிமிடம் வெள்ளைப் புகை, அது குளிருக்கு. பிறகு சுத்தமாகிவிட்டது. நீலப் புகை துளிகூட இல்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே தேய்ந்துபோன என்ஜினாக இருந்தால் கையைத் தள்ளும், முகத்தில் புகை அடிக்கும். இது தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சு விட்டது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. டீசல் பம்ப் ஓரத்தில் லேசான கசிவு, வாஷர் மாற்றினால் நின்றுவிடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. அதை மாற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூட நீ ஓட்டக் கூடாது. அறுந்தால் அதோடு என்ஜின் போச்சு.

மேல் படுக்கையின் இடது மூலையைத் தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஈரம் இறங்கியிருக்கிறது, பரவாயில்லை. அடியில் துரு மேலோட்டம்தான். என்ஜின் உன்னையும் என்னையும் தாண்டி ஓடும். இதை எழுத எனக்குப் பெருமை, ஏனென்றால் அந்தத் தெருவிலேயே வேறு எவனும் மைனஸ் மூன்றில் மண்ணில் படுத்திருக்க மாட்டான்.

போர்த்துகல் வரைக்கும் ஒரு டிரைவர் வேண்டுமானால் எனக்கு ஒருவனைத் தெரியும். சம்பளம் கேட்க மாட்டான்.

அன்புடன்,
லேயார்கோ


கோப்பாரோ,
17 பிப்ரவரி 2008

லேயார்கோ,

என்ஜின் அறிக்கை நன்றாக இருக்கிறது. பானெட்டில் கை வைத்தது எனக்குத் தோன்றியிருக்காது. நன்றி.

டிரைவர் தேவையில்லை. ஓட்டப் போவது நான்.

பழையபடி 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டதாக நினைக்காதே, கோபத்துக்கு 'நீங்கள்' போதாது. நீ சிரித்துப் பேசி எதையும் தாண்டிப் போய்விடுவாய். நான் தாண்டவில்லை. ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன்.

1999 செப்டம்பரில் ஒரு சொட்டு மழை கிடையாது. உன் லாரி மட்டும் எடைமேடையிலிருந்து கிழங்கு கொட்டும் இடம்வரை காய்ந்த மண்ணில் ஈரக் கோடு போட்டுக்கொண்டே போனது. ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள், கொட்டுவதற்கு முன் திரும்பி வந்து மறுபடி ஏறச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நானூறு கிலோ குறைந்திருந்தது. பின்னால் பன்னிரண்டு லாரி நின்றது. நீ கீழே குதித்து அத்தனை பேர் முன்னாலும் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "மெஷின் குடிச்சிருக்குடா. இல்லேன்னா, வீட்டுச் சண்டைய என் பொண்டாட்டி தராசுல காட்டுறா." எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்கு அடியில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அந்த வாரமே நீ கருவிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாய்.

அரசாங்க ஆள் வந்து தராசைச் சோதித்தார். கிலோ பிசகவில்லை. அந்தக் காகிதத்தை ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். ஆபீஸ் சுவரை யார் படிக்கிறார்கள்? பாரில் பேசுவதைத்தான் ஊர் கேட்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆலை மூடிய அன்று எனக்கு விருந்து வைத்தார்கள். ஓரியானோ தன் பாரிலிருந்து கேக் கொண்டுவந்தான். மேலே சர்க்கரையில் செய்த தராசு, தராசுத் தட்டில் ஒரு ஒயின் பாட்டில். நானும் சிரித்துக்கொண்டே வெட்டினேன். முப்பத்தொரு வருடத்தில் இரண்டு லட்சம் சீட்டாவது எழுதியிருப்பேன், ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த ஊருக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு சீட்டுதான்.

மன்னிப்புக் கேட்காதே, அதை வைத்து நான் என்ன செய்ய. கேட்டது மூன்று எண்கள். இரண்டு பாக்கி. டீசல் போடும்போது கழுத்துவரை நிரப்பி ஓட்டி, மறுபடி கழுத்துவரை நிரப்பிக் கணக்குப் பார். முள்ளை நம்பாதே.

நிவெஸ்


சிவிதாலே,
26 பிப்ரவரி 2008

அன்புள்ள நிவெஸ்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் டீசல் பற்றி இருந்த பத்திக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

முள்ளை நம்பாதே என்று எனக்கா சொல்கிறாய்? கழுத்துவரை நிரப்பி, நுரை அடங்க வண்டியைக் கையால் பத்துத் தடவை ஆட்டி, மறுபடி நிரப்பினேன். பெட்ரோல் பங்க்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டான். பல் டாக்டர் பக்கத்து சீட்டில் பையில் ரொட்டியோடு வந்தார். மனைவி போன பிறகு வண்டி வாசலிலேயே நிற்கிறதாம், மறுபடி அதில் உட்கார அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வழியில் சீஸும் உருளைக்கிழங்கும் போட்டு ஃப்ரீக்கோ சுட்டுக் கொடுத்தார், அந்தக் குட்டி அடுப்பிலேயே. ஒரு பக்கம் கருகல், இருந்தாலும் சாப்பிட்டோம்.

சமவெளியில் எண்பதில் ஓட்டினேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பதினைந்து லிட்டர் எண்ணூறு மில்லி. லிட்டருக்கு ஒன்பதரை. மறுநாள் மலை ஏறி தர்விசியோ போய்த் திரும்பினேன், இருநூற்றெட்டு கிலோமீட்டருக்கு இருபத்தாறு லிட்டர், அதாவது எட்டு. நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் அழுத்தினால் ஏழுக்கு இறங்கிவிடுகிறது. பன்னிரண்டு என்பது இறக்கத்தில் பின்காற்று அடித்தால் வரும். உன் அவசரம் எவ்வளவு என்பதுதான் உன் மைலேஜ். எண்பதில் போ. கடல் எங்கும் ஓடிப் போகாது.

எடை விஷயம். டாக்டரிடம் எடைச்சீட்டே இருக்கிறது, போன மாதம் எடுத்தது. வண்டி இரண்டாயிரத்து நானூற்று அறுபது. அனுமதி மூவாயிரத்து நூறு. ஆக, அறுநூற்று நாற்பது கிலோ ஏற்றலாம். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். நல்ல எண். வாங்கிவிடு.

மற்ற விஷயம்... ஆள் கூடிய இடத்தில் மனிதன் எதையோ சொல்லிவிடுகிறான். பிறகு அதிலேயே குடியிருக்க வேண்டியதாகிவிடுகிறது. இன்றைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

அன்புடன்,
லேயார்கோ


கோப்பாரோ,
3 மார்ச் 2008

லேயார்கோ,

மைலேஜ் எண்கள் சரியாகப் படுகின்றன. மூன்று வேகத்துக்கும் தனித்தனியாகப் பார்த்தது நல்ல வேலை.

எடைச்சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். வண்டியின் புத்தகத்தில் வெறும் வண்டி எடை என்று இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு போட்டிருக்கிறது, விளம்பரம் கொடுத்த டாக்டரே நகல் அனுப்பினார். சீட்டில் அதைவிட நூற்று முப்பது குறைவு. பதினாறு வருடத்தில் வண்டி இளைக்குமா? வண்டியும் நம்மைப் போலத்தான், வயது ஏற ஏற எடை கூடும்.

சீட்டு எழுதுகிறவளுக்கே பொய்ச் சீட்டை அனுப்பியிருக்கிறாய். அவர் பல் டாக்டர், அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். எடை எங்கே ஒளியும், எப்படி ஒளியும் என்று உனக்குத் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும்.

அறுநூற்று நாற்பது என்று நம்பி ஏற்றிக்கொண்டு நான் பிரனீஸ் மலை இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனால், அங்கேயும் மெஷின் குடித்திருந்தது என்று சொல்வாயா?

நிவெஸ்


சிவிதாலே,
12 மார்ச் 2008

நிவெஸ்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன். இது நான்காவது.

முதல் நாளே எனக்குத் தெரியும். அடியில் படுத்திருந்தபோது தண்ணீர்த் தொட்டியை விரல் முட்டியால் தட்டினேன், காலிச் சத்தம். ஸ்டெப்னி மாட்டுகிற இடம் வெறுமை. கேஸ் சிலிண்டர் பெட்டியில் சிலிண்டர் இல்லை, ஃப்ரீக்கோ சுட்ட அன்றைக்கு மட்டும் டாக்டர் கேரேஜிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டி, பிறகு கழற்றிவிட்டார். சீட்டு வந்ததும் புரிந்துவிட்டது, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு எடை போட்டிருக்கிறார்கள். உனக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். 'எப்படிக் கண்டுபிடித்தாய்' என்று கேட்பாயே என்று வைத்துவிட்டேன். திருடனுக்குத் தேள் கொட்டின கதை, வாயைத் திறக்க முடியவில்லை. பொய்யான எண் என்று தெரிந்தே உனக்கு அனுப்பினேன். இதைவிட அசிங்கமாக நான் எதுவும் செய்ததில்லை, 1999-ஐயும் சேர்த்து.

திங்கட்கிழமை மறுபடி போனேன்.

"டாக்டர், கேரேஜைத் தொறங்க. வண்டியில இருந்து எறக்குனதையெல்லாம் திரும்ப ஏத்தணும்."

"என் மாப்பிள்ளைதான் சொன்னான், எடை கம்மியா காமிச்சா நல்லா விக்கும்னு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்."

"எல்லாரும் பண்றாங்க. வாங்கப்போறவ எல்லாரையும் மாதிரி இல்ல."

ஸ்டெப்னி, இரண்டு சிலிண்டர், இரண்டாவது பேட்டரி, ஏணி, மெத்தை, மேசை எல்லாம் ஏற்றினோம். தண்ணீர் நூறு லிட்டர், டீசல் கழுத்துவரை. நான் வேலை பார்க்கும் மரமறுக்கும் மில்லில் எடைமேடை இருக்கிறது. வழக்கமாக எங்கள் ஆட்கள் எடை போடும்போது இறங்கி ஓரமாக நின்று சிகரெட் பிடிப்பார்கள். நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. அதில் நான் தொண்ணூற்றொன்று, தனியாகவும் ஏறிப் பார்த்தேன். ஆக, உண்மையில் மிச்சம் இருநூற்று அறுபது கிலோ. சீட்டு இதோடு இருக்கிறது. இது பொய் இல்லை.

இப்போது மற்றது. லாரிக்கு அடியில் இரண்டு தொட்டி, ஒவ்வொன்றும் இருநூறு லிட்டர், நானே வெல்டு வைத்தேன். திறக்க ஒரு கம்பி, அதன் முனை என் சீட்டுக்குக் கீழே. உன் மேடையில் ஏறும்போது நிறைந்திருக்கும், இறங்கியதும் கம்பியை இழுப்பேன், பிறகு காலி வண்டியை எடை போடும்போது அந்தத் தண்ணீரும் கிழங்குக் கணக்கில் சேர்ந்திருக்கும். அந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து நீ மறுபடி ஏறச் சொன்ன நாள்வரை செய்தேன். உன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. உன் தராசு சரி. முதல் நாளும் சரி, கடைசி நாளும் சரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தச் சோற்றை ஒன்பது வருடமாகத் தனியாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

லேயார்கோ


கோப்பாரோ,
19 மார்ச் 2008

லேயார்கோ,

உன் கடிதத்தைத் தபால் பெட்டி பக்கத்தில் நின்றபடியே படித்தேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். கீழ்வீட்டுக்காரி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, எண் சரியாக வந்துவிட்டது என்றேன்.

எழுதியதற்கு நன்றி. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தக் கடிதத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. தராசு சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பொய்யை நீ பன்னிரண்டு லாரிக்கு முன்னால் உரக்கச் சொன்னாய். உண்மையை ஒரு காகிதத்தில், எனக்கு மட்டும், மெதுவாகச் சொல்கிறாய். இரண்டும் ஒரே எடை இல்லை. இதை என் அலமாரியில்தான் வைக்க முடியும். என் அலமாரி என்றைக்கும் என்னைக் கேலி செய்ததில்லை.

வண்டியை வாங்கிக்கொள்கிறேன், டாக்டருக்கு எழுதிவிட்டேன். இருநூற்று அறுபது எனக்குத் தாராளம். பெல்ட் மாற்றியானதும் தெரிவி. ஏப்ரல் கடைசியில் ரயிலில் வந்து நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

நிவெஸ்


சிவிதாலே,
9 ஏப்ரல் 2008

நிவெஸ்,

பெல்ட் மாற்றியாயிற்று, பம்ப் வாஷரும். மேல் மூலையில் ஈரத்துக்கு அடைப்பு வைத்துவிட்டேன். சாவி மூன்று இருக்கிறது.

நீ வர வேண்டாம். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, சந்தை நாள். காலை பத்து மணிக்கு மருந்துக்கடை வாசலில் நில். என்னிடம் வராதே, பேசாதே. சும்மா பார்.

லேயார்கோ


கோப்பாரோ,
20 ஏப்ரல் 2008

அன்புள்ள லேயார்கோ,

நீ பார்க்காததையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கே போய் நின்றுவிட்டேன். சும்மா நிற்கிறேன் என்று யாரும் கேட்கக் கூடாதே என்று தேவையில்லாமல் ஒரு இருமல் மருந்து வாங்கிக் கையில் வைத்திருந்தேன். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது என் வண்டி சதுக்கத்துக்குள் திரும்பியது. நேரே பாருக்கு முன்னால் இருக்கும் ஊர் எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினாய். சந்தை நடுவில், சீஸ் கடைக்கும் மீன் வண்டிக்கும் இடையில். ஓரியானோ, எடைமேடைச் சாவியும் அவனிடம்தானே, தோளில் துண்டோடு வெளியே வந்தான்.

"யாரு, லேயார்கோவா? செத்துட்டேன்னு சொன்னாங்க."

"எடை போடறதுக்கு மட்டும் உயிரோட வந்தேன். சீட்டு குடு. நம்பரச் சத்தமா வாசி."

நீ இறங்கித் தரையில் நின்றாய். ஓரியானோ வாசித்தான். "ரெண்டாயிரத்து எழுநூத்து முப்பது."

அப்புறம் நீ நல்ல சட்டையோடு மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் போனாய். தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. அது மெதுவாகச் சரிவில் ஓடி சீஸ்காரியின் செருப்பை நனைத்தது.

"யோவ், என்னய்யா இது, உன் வண்டிக்கு மூத்திரம் முட்டிக்கிச்சா?"

"ஆமாம்மா. ஒம்போது வருஷமா அடக்கி வெச்சிருந்தது."

சந்தையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. பத்து நிமிடம் தண்ணீர் ஓடியது. அதற்குள் பாரிலிருந்த பழைய லாரிக்காரர்கள் எல்லோரும் காபிக் கோப்பையோடு வெளியே வந்துவிட்டார்கள். அன்று பின்னால் நின்றவர்களில் ஏழு பேரை எண்ணினேன். நீ எழுந்து பாண்ட்டைத் தட்டிக்கொண்டு மறுபடி எடை கேட்டாய்.

"ரெண்டாயிரத்து அறநூத்து முப்பது," என்றான் ஓரியானோ.

"எவ்ளோ கொறஞ்சுது?"

"நூறு."

"தொட்டியில எவ்ளோ தண்ணி பிடிக்கும்? அதுமேலயே எழுதியிருக்கு, குனிஞ்சு பாரு."

அவன் குனிந்தான். ஒன்பது வருடம் கழித்து இந்த ஊரில் ஒருவன் குனிந்து பார்த்தான். "நூறு லிட்டர்."

"அப்ப மெஷின் குடிச்சிருக்கா, ஓரியானோ?"

அவன் நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தான். நீ சுற்றிலும் பார்த்தாய். நான் நிற்கும் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "தொண்ணூத்தொம்போதுல என் லாரிக்கு அடியில இதே மாதிரி நாலு மடங்கு தண்ணி இருந்துச்சு. நிவெஸ் தராசு சரி. அவ போட்ட சீட்டுல ஒண்ணுகூடத் தப்பில்ல. பொய் சொன்னது நான். கேக் தின்னவங்க எல்லாரும் கேட்டுக்குங்க."

உன் குரல் நடுங்கவில்லை. இரண்டு சீட்டையும் நேராக மடித்தாய். அவற்றையும் சாவியையும் ஓரியானோ கையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடிக்காமல், பத்து நாற்பது பஸ்ஸுக்கு நடந்தாய். நான் கூப்பிடவில்லை. நீ சொன்னபடி நின்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது, லேயார்கோ. தராசை நினைத்து மட்டும் இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் ஓரியானோ சாவியும் இரண்டு சீட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். படியிலேயே நின்றான்.

"நிவெஸ் அக்கா, இந்த ரெண்டு சீட்டையும் பார்ல ஃப்ரேம் போட்டு மாட்டலாமான்னு கேக்க வந்தேன். காபி மெஷினுக்கு மேல."

"அவ்ளோ மேல வேணாம். கண் மட்டத்துல மாட்டு."

மாட்டிவிட்டான். நேற்று போய்ப் பார்த்தேன். கொஞ்சம் கோணல், நானே நேராக்கினேன்.

இன்று காலை வண்டியில் எனக்கு வேண்டியதையெல்லாம் ஏற்றினேன். தண்ணீர் நிரப்பி, டீசல் கழுத்துவரை நிரப்பி, வண்டியை ஆட்டி நுரை அடக்கி மறுபடி நிரப்பினேன். நானே ஓட்டிக்கொண்டு போய் மேடையில் ஏற்றினேன். முன் சக்கரமும் பின் சக்கரமும் நேர்க் கோட்டில், ஒரே தடவையில், பாரில் எல்லோரும் பார்க்க. நான் இறங்கவில்லை. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. மிச்சம் நூற்றுப் பத்து.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு சதுக்கத்திலிருந்து புறப்படுகிறேன். நீ தொண்ணூற்றொன்று என்று உன் சீட்டே சொல்கிறது. போக மிச்சம் பத்தொன்பது கிலோ. இது சமாதானமா என்று கேட்காதே, எனக்கு இன்னும் தெரியாது. இடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுவது நான். கியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் எல்லை தாண்டும் முன்பே, பியாச்சென்சாவிலேயே இறக்கிவிடுவேன். கடல் தெரிந்ததும் காபி நீ போட வேண்டும்.

வந்தால் உன் பையை ஓரியானோ முன்னால் எடை போடுவேன். அந்தக் கருவிப் பெட்டி மட்டும் இருபத்திரண்டு கிலோ. வீட்டை விட்டுப் போன அன்று நீ அதை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனாய். இந்த முறை அதை விட்டுவிட்டு வா.

நிவெஸ்